விதைப்புக்கு முன் வரவேண்டிய காசு: மீளக்குடியேறும் கமக்காரருக்கான உதவித் திட்டங்கள்

வன்னியில் காலபோகத்துக்கான புழுதி விதைப்பு புரட்டாதியில் தொடங்குகிறது. ஐப்பசி மழை வலுத்தபின் உழவு இயந்திரம் இறங்க முடியாத வயல்கள் பல உண்டு. ஆகவே விதைநெல்லுக்கும் உழவுக்கூலிக்குமான பணம் புரட்டாதிக்கு முன்னரே கமக்காரரின் கையில் இருக்கவேண்டும். அதே தொகை கார்த்திகையில் வந்தால், கணக்குப் புத்தகத்தில் அது இரண்டு மாதம் பிந்திய பணம். வயலைப் பொறுத்தவரை ஒரு வருடம் பிந்திய பணம்.

இடம்பெயர்ந்து சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களுக்குக் காசாகக் கொடுக்கப்பட்ட உதவிகளைப் பற்றிப் பேசும்போது, தொகை போதுமா போதாதா என்ற வாதமே முதலில் எழுகிறது. அது நியாயமான வாதந்தான். ஆனால் உதவி பெற்றும் நிமிர முடியாமற் போன குடும்பங்களின் கதையைக் கேட்டால், தொகையின் குறைவோடு காலத்தின் பிசகும் சேர்ந்தே நிற்பதைக் காணலாம். இத்திட்டங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன, எந்த இடத்தில் பிசகுகின்றன என்பதைக் கமக்காரர் அமைப்புகளிலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் இருப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் மேசையில் பெரும்பாலும் அவர்களே அமருகின்றனர்.

திரும்பியபோது கிடைத்தவை

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தங்கியிருந்தது செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலே. அவ்வாண்டின் பிற்பகுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியது. 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. திரும்பிய குடும்பத்துக்கு ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் தற்காலிகக் கொட்டில் அமைப்பதற்கென 25,000 ரூபா கொடுத்தது. உலக உணவுத் திட்டத்தின் மூலம் ஆறு மாதங்களுக்கு உலர் உணவு வழங்கப்பட்டது. இந்திய அரசு கூரைத் தகடுகளையும் சீமெந்தையும் கொடுத்ததோடு, கமத்தொழிலைத் தொடக்கிவைப்பதற்காக 95,000 குடும்பங்களுக்குத் தொடக்கப் பொதிகளையும் 500 உழவு இயந்திரங்களையும் வழங்கியது.

இவற்றுள் சில பொருளாகவும் சில காசாகவும் வந்ததற்குக் காரணம் இருந்தது. அப்போது வன்னியில் கடைகள் இல்லை. மண்வெட்டி வாங்கவேண்டுமானால் வவுனியாவுக்குப் போகவேண்டும். கையில் பணம் இருந்தும் வாங்குவதற்குப் பொருள் இல்லாத இடத்தில் காசைக் கொடுத்தால், லொறியில் ஏற்றிவந்து விற்கும் ஒருவர் இருவருக்கே அது இலாபம். ஆகவே தொடக்கத்தில் விதையும் கருவியும் தகடும் பொருளாக வந்தமை சரியே. பாதை திறந்து சந்தை கூடியபின் நிலைமை மாறிவிட்டது. ஒருவருக்குக் கிணறு இறைக்கவேண்டும், இன்னொருவருக்கு வேலி அடைக்கவேண்டும், வேறொருவர் அடகுவைத்த நகையை மீட்டால் தானாகவே எழும்பிவிடுவார். எல்லோருக்கும் ஒரே பொதியைக் கொடுத்தால், தேவைப்படாத பாதி மறுநாளே அரைவிலைக்குச் சந்தைக்கு வந்துவிடும். அதனால் பொதியைப் பெற்றவருக்கும் நன்மையில்லை; அதே பொருளை விற்கும் உள்ளூர்க் கடைக்காரருக்கும் நட்டம்.

காசைக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று சொல்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் உலக உணவுத் திட்டம் இலங்கையின் கிழக்கிலும் தெற்கிலும் சில இடங்களில் உணவுப் பங்கீட்டுக்குப் பதிலாகக் காசைக் கொடுத்துப் பார்த்தது. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் அதனை ஆராய்ந்தது. காசு பெற்ற குடும்பங்கள் அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் செலவைச் சற்றுக் குறைத்து, இறைச்சி, பால் முதலிய வேறு உணவுகளையும் உடுப்புகளையும் வாங்கியிருந்தன. ஏழைக் குடும்பத்துக்குத் தன் குறை எதுவென்று தெரியும் என்பதற்கு மேல் இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

காசா பொருளா என்ற கேள்வி கமக்காரருக்குப் புதிதன்று. 2016ஆம் ஆண்டில் நெற்செய்கைக்கான உரமானியம் மூடைக்குப் பதிலாகக் காசாக வந்தது. பின்னர் 2018இல் மீண்டும் உரமாகவே கொடுக்கப்பட்டது. 2024-25 காலபோகத்தில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த காசு மானியம் 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உரம் மூடையாக வந்தபோது அது தனக்கு வேண்டிய உரமா என்பது கேள்வி. காசாக வந்தபோது, மேலுரம் இடும் நாளுக்கு முன் வங்கியில் விழுமா என்பது கேள்வி. இடம்பெயர்ந்தோருக்கான உதவியிலும் இதே இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆறு மாத உணவும் பன்னிரண்டு மாத வயலும்

ஒரு குடும்பம் மாசி மாதத்தில் தன் கிராமத்துக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத உலர் உணவு ஆடி வரை போதும். திரும்பிய முதல் மாதங்களில் காணி துப்புரவாக்கவேண்டும், கொட்டில் போடவேண்டும். குளத்தில் நீர் இருந்தாலும் வாய்க்கால் உடைந்திருந்தால் சிறுபோகம் இல்லை. புரட்டாதியில் விதைக்கவேண்டும். அறுவடையோ அடுத்த தை, மாசியில். உணவு முடிகிற ஆடிக்கும் நெல் வீட்டுக்கு வருகிற தைக்கும் இடையில் ஆறு மாதம். இந்த ஆறு மாதத்தில்தான் விதைநெல்லுக்கென்று வைத்த பணம் அரிசிக்குப் போகிறது.

இனி, அதே குடும்பம் ஐப்பசியில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உணவு பங்குனி வரை வரும். ஆனால் விதைப்புக்காலம் கைநழுவிவிட்டது. பத்து, பதினைந்து வருடம் பற்றை பிடித்துக் கிடந்த வயலை மழைக்குள் வெட்டித் துப்புரவாக்க முடியாது. மிதிவெடி அகற்றியதற்கான அனுமதி வராத வயலில் கால்வைக்கவும் கூடாது. இந்தக் குடும்பத்தின் முதல் நெல் பதினைந்து மாதத்துக்குப் பின்னரே வரும். இரண்டு குடும்பத்துக்கும் கொடுக்கப்பட்டது ஒரே ஆறு மாதம், ஒரே தொகை. தீட்டிய கையில் பிழை இல்லை. நாட்காட்டியைப் பார்த்தவர்கள் போகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே, உதவிக் காலத்தை மாதக்கணக்கில் நிர்ணயிக்காமல் ‘முதல் அறுவடை வரை’ என்று நிர்ணயிப்பதே கமக்காரக் குடும்பத்துக்குப் பொருந்தும். அது முடியாவிட்டால், உணவுக்கான காசையும் விதைப்புக்கான காசையும் வேறு வேறாகப் பிரித்து, இரண்டாவதை ஆவணி மாதத்தில் கொடுக்கவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் வயிறுதான் முந்தும். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

திட்டத்தை நடத்தும் நிறுவனங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிவது வழக்கம். அனுமதி, பட்டியல், கொள்வனவு எல்லாம் முடிந்து பணம் இறங்கும்போது ஆண்டின் கடைசிக் காலாண்டு ஆகிவிடுகிறது. இதனை மாற்றுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. போகம் தொடங்குவதற்கு முன் கமநல சேவை நிலையங்களிலும் பெருங்குளங்களின் கீழும் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், கால்நடைகளை அகற்றும் நாள் எல்லாம் தீர்மானிக்கப்படுகின்றன. உதவித் திட்ட அலுவலரையும் அக்கூட்டத்துக்கு அழைத்து, பணம் வழங்கும் நாளையும் அதே பட்டியலில் எழுதுவித்தால், பின்னர் கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

வேலைக்குக் காசு

குளக்கட்டில் பற்றை வெட்டுதல், வாய்க்காலில் தூர் எடுத்தல், உள்வீதி திருத்துதல் முதலிய பொதுவேலைகளைச் செய்வித்து நாட்கூலி கொடுக்கும் முறை ‘வேலைக்குக் காசு’ எனப்படும். 2009ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய வடக்கு அவசர மீட்புத் திட்டத்துக்கு உலக வங்கி 65 மில்லியன் டொலர் ஒதுக்கியது. திரும்பிய குடும்பங்களுக்கு இவ்வாறு வேலை கொடுப்பது அதில் ஒரு பகுதியாக இருந்தது. சரியாக நடத்தினால் இது இரட்டை நன்மை தரும் முறை. கையில் கூலி, வயலுக்கு நீர்.

சரியாக நடத்துவது என்றால் என்ன? முதலாவது, கூலியின் அளவு. ஊரிலே நாட்டாண்மைக்கு என்ன கூலியோ அதனைவிடச் சற்றுக் குறைவாக வைப்பதே நல்லது. கேட்பதற்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் திட்டத்தின் கூலி ஊர்க்கூலியைவிட உயர்ந்தால், இரண்டு ஏக்கர் வயல் வைத்திருக்கும் கமக்காரருக்குக் களை எடுக்கவும் அரிவு வெட்டவும் ஆள் கிடைக்காது. அவரும் அதே போரில் எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்தான். கூலி ஊர்க்கூலியைவிடச் சற்றுக் குறைந்தால், வேறு வேலை கிடைக்காதவரே முன்வருவார். உண்மையான தேவையுள்ளவரைத் தேடிப் பிடிக்கும் வேலையும் குறையும்.

இரண்டாவது, காலம். வைகாசியிலிருந்து ஆவணி வரை கூலிவேலை குறைந்த மாதங்கள். குளம் வற்றுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் குளவேலை நடந்தால் கையில் சேரும் கூலியே விதைப்புச் செலவாகிவிடும். தை, மாசியில் அறுவடை வேளையில் இத்திட்டத்தைத் தொடங்குவது ஊரைக் குழப்பும்.

மூன்றாவது, உரிய இலாகாவைக் கேட்டுச் செய்தல். சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியவை. கட்டிலே வளர்ந்த பெருமரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால், வேர் உக்கிய வழியே நீர் கசியத் தொடங்கும். வேரோடு பிடுங்கினால் அந்தக் குழியை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்கவேண்டும். துருசையும் வானையும் அனுபவமில்லாத கைகள் தொடக்கூடாது. நாட்கூலி கொடுப்பதே நோக்கமென்று எண்ணி வேலையின் தரத்தை விட்டுவிட்டால், மார்கழி வெள்ளம் கணக்குக் கேட்டுவிடும்.

கூலியைக் கிழமைக்கு ஒருமுறை, அல்லது மிஞ்சினால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுத்துவிடவேண்டும். மாதக்கணக்கில் இழுத்தால் வேலைசெய்தவர் கடையில் கடனுக்குச் சாமான் எடுப்பார். கூலி வரும் நாளில் கடைக்காரரே வங்கி வாசலில் நிற்பார். வரவுப்பதிவை நாள்தோறும் வேலைத்தலத்திலேயே எழுதி, வேலைசெய்தவரின் கையொப்பம் பெறுவது அவசியம். மண்வேலையைக் கியூப் கணக்கில் அளப்பதாயின் அளவை எல்லோருக்கும் முன்னால் அளக்கவேண்டும். கைக்குழந்தை உள்ள பெண்கள் வருவதற்கு நிழலும், பிள்ளைகளைப் பார்க்க ஒருவரும் வேண்டும். அந்த ஒருவருக்கும் அதே கூலி. வேலைசெய்ய இயலாத முதியவர், அவயவம் இழந்தவர் உள்ள வீடுகளுக்கு வேலையின்றியே காசு கொடுக்க ஒரு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். போருக்குப் பின் வன்னியில் இப்படியான வீடுகள் கொஞ்சமல்ல.

கட்டங் கட்டமாக வரும் வீட்டுப் பணம்

காசாகக் கொடுக்கப்பட்ட உதவிகளில் மிகப் பெரியது வீட்டுத் திட்டமே. இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டை முழுமையாக இழந்த குடும்பத்துக்கு 5,50,000 ரூபாவும், திருத்தவேண்டிய வீட்டுக்கு 2,50,000 ரூபா வரையும் வழங்கப்பட்டன. வீட்டுக்காரரே மேசனை அமர்த்தி, பொருள் வாங்கிக் கட்டும் முறை அது. வேலை முன்னேறுவதைப் பார்த்துப் பணம் நான்கு தவணைகளில் நேரே வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்பட்டது. ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுக்கும் வீட்டைவிட இதிலே குடும்பத்தின் கையும் கண்ணும் கூடுதலாகப் பட்டன. தன் வீட்டின் அத்திவாரத்துக்கு எத்தனை மூடை சீமெந்து போனது என்பது தெரிந்த மனிதரை ஏமாற்றுவது கடினம்.

2016இல் 65,000 உருக்கு வீடுகளை ஒன்று 21 இலட்சம் ரூபாவளவில் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது வடக்கில் பெரும் எதிர்ப்பு எழுந்ததை இங்கே நினைவுகூரலாம். அதே காலத்தில் மீளக்குடியேறியோருக்குக் கல்வீடு கட்டக் கொடுக்கப்பட்ட தொகை 8 இலட்சம் ரூபா. ஒரு உருக்கு வீட்டின் விலையில் இரண்டு கல்வீடுகளுக்குமேல் கட்டலாம். மேசன், தச்சன், கல்லரிபவர், மண் ஏற்றுபவர் என்று அந்தப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றிவரும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அந்த வாதம் பெரும்பாலும் சரியானதே.

ஆனால் வீட்டுக்காரரே கட்டும் முறையிலும் ஒரு பொறி இருந்தது. ஓர் ஊரில் நூறு வீடுகளுக்கு ஒரே மாதத்தில் முதலாம் தவணை விழுந்தால், மணலின் விலையும் மேசனின் கூலியும் மறுமாதமே ஏறிவிடும். கொடுக்கப்பட்ட தொகையோ ஏறாது. 550 சதுர அடி வீட்டுக்கான பணத்தில், பிள்ளைகள் பெருகியிருக்கிறார்களே என்று இன்னோர் அறையையும் சேர்த்து அத்திவாரம் போட்டவர்கள் பலர். அத்திவாரத்தோடு பணம் முடிந்தது. அடுத்த தவணை வேண்டுமானால் சுவர் எழும்பவேண்டும். சுவர் எழுப்ப நகை அடகுக்குப் போனது, கறவை மாடு விலைப்பட்டது, உழவுக்கென வைத்த பணமும் போனது. இறுதியில் வீடு நின்றது. வயல் தரிசாகக் கிடந்தது.

இதைத் தவிர்க்க வேண்டுமானால், முதலாம் தவணை அத்திவாரச் செலவை முழுமையாக மூடுவதோடு கையில் சிறிது மிஞ்சும்படியும் இருக்கவேண்டும். பணத்தை எல்லோருக்கும் ஒரே நாளில் விடாமல் தொகுதி தொகுதியாக விடவேண்டும். சில குடும்பங்கள் சேர்ந்து மணலும் சீமெந்தும் ஒன்றாக வாங்கினால் விலை குறையும். காலபோக விதைப்புக்கும் அறுவடைக்கும் உரிய கிழமைகளில் தவணைக் கெடுவை வைக்காமல் விடுவது அலுவலர் கையில் உள்ள காரியம். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை, மேசன் கயிறு பிடிப்பதற்கு முன் படத்தில் உள்ள அளவைவிட ஓர் அடியும் கூட்டுவதில்லை என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். அறையைப் பின்னர் சேர்த்துக் கட்டலாம். அதற்கு இடம் விட்டு அத்திவாரம் போடும் வழியை மேசனே சொல்லுவார்.

விலைவாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. முதல் வருடம் தீர்மானித்த தொகையை மறு வருடம் கொடுத்த எந்தத் திட்டமும் அந்நாளில் பாதி வீட்டோடு நின்றிருக்கும். ஒப்பந்தத்தில் தொகையை மறுபரிசீலனை செய்யும் விதி இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே கேட்பது வீண் கேள்வியன்று.

பட்டியலில் யார்?

உதவித் திட்டத்தில் சண்டை மூளும் இடம் பெயர்ப்பட்டியல். விதிகளை எழுதியவர்களுக்கு ஊரின் நிலைமை முழுவதும் தெரியாது. ஊரில் உள்ளவர்களுக்கோ உறவும் பகையும் உண்டு.

குடும்ப அங்கத்தவரின் எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுக்கும் முறையை எடுத்துக்கொண்டால், பெரிய குடும்பம் முன்னால் வரும். அது நியாயமே. ஆனால் போரில் பிள்ளைகளை இழந்து இருவராகவோ ஒருவராகவோ மிஞ்சிய முதியவர்கள் அதே காரணத்தால் பின்னுக்குத் தள்ளப்படுகின்றனர். 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்களைப் பழையவர்கள் என்றும் பின் இடம்பெயர்ந்தவர்களைப் புதியவர்கள் என்றும் பிரித்தபோது, பழையவர்களுக்கு உதவி குறைந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் அந்தப் பழையவர்களுள் அடங்குவர். ஒரே குடும்பமாகப் போனவர்கள் இருபது வருடத்தின் பின் மூன்று நான்கு குடும்பமாகத் திரும்பினர். காணியோ ஒன்று. ஒரு காணிக்கு ஒரு வீடு என்ற விதி அங்கே அண்ணனையும் தம்பியையும் பிரதேச செயலகத்தின் வாங்கில் எதிரெதிராக உட்காரவைத்தது. வலிகாமம் வடக்கிலும் 1990இல் வெளியேறியவர்களுக்குக் காணி விடுவிக்கப்பட்டபோது இதே சிக்கல் எழுந்தது.

காணிப் பத்திரம் இன்னொரு முட்டுக்கட்டை. வீட்டுப் பணத்துக்கும் உரமானியத்துக்கும் காணி யார் பெயரில் உள்ளது என்ற கேள்வி வருகிறது. உறுதிக்காணியாயின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலானவை காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். பின்னுரித்தாளர் பெயர் எழுதப்படாத காணியில் ஆண்மக்களுக்கு முன்னுரிமை கொடுத்த பழைய விதி 2022இல் திருத்தப்பட்டது. ஆகவே முன்னர் மறுக்கப்பட்ட பெண்கள் பிரதேச செயலகத்தில் மீண்டும் விசாரிப்பது பயனுள்ளது.

கணவர் காணாமற்போன பெண்ணின் நிலை இதனினும் கடினம். மரணச் சான்றிதழ் பெறுவதற்கு 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. ஆனால் கணவர் இறந்துவிட்டார் என்று கையொப்பமிட மனம் வராத பெண்கள் எத்தனையோ பேர். 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இறந்ததாகச் சொல்லாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற முடியும். அதனைக் கொண்டு உதவிகளுக்கும் காணி அலுவல்களுக்கும் விண்ணப்பிக்கலாம். பட்டியல் தயாரிப்பவர்கள் இதனை அறிந்து, மரணச் சான்றிதழைக் கொண்டுவா என்று அப்பெண்களைத் திரும்பத் திரும்ப அலையவைக்காமல் இருப்பது கடமை.

பட்டியலை இறுதி செய்வதற்கு முன் கிராம அலுவலரின் அலுவலகத்திலும் கூட்டுறவுக் கடையிலும், எந்தக் காரணத்துக்காக எத்தனை புள்ளி என்ற விபரத்தோடு ஒட்டவேண்டும். முறைப்பாட்டுக்கு இரண்டு கிழமையாவது விடவேண்டும். முறைப்பாட்டை விசாரிப்பவர் பட்டியலைத் தயாரித்தவராக இருக்கக்கூடாது. வங்கிக் கணக்கை, இயன்றால், கணவன் மனைவி இருவரின் பெயரிலும் திறப்பது நல்லது.

கோழியும் மாடும் நீர்ப்பம்பியும்

வாழ்வாதார உதவி என்ற பெயரில் ஊருக்கெல்லாம் கோழிக்குஞ்சு கொடுக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. ஒரு கிராமத்தில் ஐம்பது வீட்டுக்கு ஒரே நாளில் குஞ்சு வந்தால், கூடு இல்லாத வீட்டில் கீரியும் மரநாயும் பாதியைக் கொண்டுபோகும். ராணிக்கெட் தடுப்பு மருந்து போடாத வீட்டில் மிச்சமும் போகும். எல்லாம் பிழைத்தாலோ ஐம்பது வீட்டு முட்டையும் ஒரே சந்தைக்கு வரும். கூடு அடிப்பதற்கும் மூன்று மாதத் தீனுக்கும் காசு, மிருக வைத்தியரின் தடுப்பூசி, பின்னர் குஞ்சு என்ற ஒழுங்கில் கொடுத்தால்தான் பயன்.

மாடும் அப்படியே. போருக்குப் பின் வன்னியில் கட்டாக்காலி மாடுகள் பெருந்தொகையாகத் திரிந்தன. குறி தெரிந்தவர்கள் தம்முடையவற்றைத் தேடிக் கண்டுபிடித்தனர். பலர் வெறுங்கையோடு திரும்பினர். அவர்களுக்குக் கலப்பினக் கறவைப் பசு கொடுக்கப்படும்போது, அதற்கு நிழலும் புல்லும் தண்ணீரும் நாள்தோறும் வேண்டும் என்பதையும், பால் எடுக்க ஆள் வரும் பாதை உள்ளதா என்பதையும் முதலில் பார்க்கவேண்டும். மேய்ச்சல் தரையை நம்பி வளர்க்கும் ஊர்மாடு சிலருக்குப் பொருந்தும். எந்த மாடு வேண்டும் என்பதை வளர்ப்பவரே சந்தையில் பார்த்து வாங்கும்படி காசைக் கொடுத்து, மிருக வைத்தியரின் சான்றோடு பற்றுச்சீட்டைப் பெறுவது நல்ல முறை. நீர்ப்பம்பி வாங்குவதாயின் எண்ணெய்ச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். ஒரு தோட்டத்துக்கு ஒரு பம்பி என்று வாங்காமல் பக்கத்துத் தோட்டக்காரர் இருவர் மூவர் சேர்ந்து வாங்குவதும் உண்டு. ஆனால் பழுதுபார்க்கும் செலவை யார் கொடுப்பது என்று முதல்நாளே எழுதிவைக்காத கூட்டுப் பம்பி நெடுநாள் ஓடியதில்லை.

நெல் மட்டும் செய்பவருக்கு வருடத்தில் இருமுறை மட்டுமே காசு. உழுந்து, பயறு, கச்சான் போன்றவற்றை மேட்டுக்காணியில் செய்பவருக்கு இடையிலும் கொஞ்சம் வரும். காய்கறித் தோட்டமும் பாலும் கிழமைக் காசு தருவன. உதவித் தொகையைப் பிரித்து, போகக் காசுக்கு ஒரு பங்கும் கிழமைக் காசுக்கு ஒரு பங்கும் போடுபவரின் வீட்டில் விதைநெல் விதைநெல்லாகவே இருக்கும்.

கிழமைக் கடன்

உதவிப் பணம் நின்ற இடத்தில் கடன் கொடுப்பவர்கள் வந்தனர். வீட்டு வாசலுக்கே வந்து, பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஈடின்றிக் கொடுத்து, கிழமை தோறும் அறவிடும் கடன் வடக்கிலும் கிழக்கிலும் வேகமாகப் பரவியது. நெல்லின் வருமானம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தவணையோ கிழமைக்கு ஒருமுறை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றுக் கட்ட முடியாமற்போன ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யவேண்டிய நிலை வந்தது.

கடன் எடுப்பதே கூடாது என்று கமக்காரருக்குச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது. கடன் கட்டும் நாள் அறுவடைக்குப் பின் வரவேண்டும் என்பதே கவனிக்கவேண்டியது. சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கமோ கமக்காரர் அமைப்பின் சுழற்சி நிதியோ உள்ள இடங்களில் இதற்கு வழியுண்டு. உதவித் திட்டம் முடிந்து நிறுவனம் ஊரைவிட்டுப் போகும்போது, சங்கத்தின் சுழற்சி நிதிக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசித்து ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். கடன் எடுத்தவர் யார், மீதி எவ்வளவு, எந்த மாதத்தில் வரவேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும்.

உதவி பெறும் குடும்பம் தன் பங்குக்கு ஒரு கொப்பி வைத்திருப்பது நன்று. எந்தத் திட்டம், எந்தத் திகதியில் எவ்வளவு வந்தது, அடுத்தது எப்போது என்று அதில் எழுதி, வங்கிப் புத்தகம், தேசிய அடையாள அட்டையின் பிரதி, காணிப் பத்திரத்தின் பிரதி, கிராம அலுவலரின் வதிவுச் சான்று ஆகியவற்றை அதனோடு ஒரு பிளாஸ்ரிக் உறையில் சேர்த்து வைக்கலாம். மழைக்கும் கறையானுக்கும் எட்டாத உயரத்தில் அதனைத் தொங்கவிட வேண்டும். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய வீடுகளில் இதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த உறை வாசலுக்குப் பக்கத்திலேதான் தொங்குகிறது.